பாடத்தில் இல்லாத சதுப்பு

2007இல் ஆக்ஸ்போர்ட் ஜூனியர் டிக்ஷனரியைப் புதுப்பித்தவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேவைப்படாது என்று இயற்கை சார்ந்த பல சொற்களைத் தூக்கிவிட்டார்கள். கிங்ஃபிஷர், ஹெரன், ஒட்டர், ஃபேர்ன் எல்லாம் போயின. பிளொக்கும் புரோட்பேண்டும் உள்ளே வந்தன. 2015இல் மார்கரெட் அட்வுட் உட்பட 28 எழுத்தாளர்கள் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார்கள். எழுத்தாளர் ரொபர்ட் மக்ஃபார்லன் அந்தச் சொற்களுக்காக 2017இல் ஒரு புத்தகமே போட்டார்.

கொழும்பை அடுத்த கொலன்னாவையில் நிலைமை வேறு. மீன்கொத்தி, நாரை, நீர்நாய் மூன்றும் கொழும்புச் சதுப்பு நிலங்களில் இன்னும் இருக்கின்றன. ஆனால் சாதாரண தரத்துக்குப் படிக்கும் என் அக்கா மகளின் ஆங்கிலக் கொப்பியில் அவை இல்லை. டியூஷன் மாஸ்டர் கொடுத்த சுற்றாடல் பட்டியலில் இருப்பவை டிபொரஸ்டேஷன், பயோடைவர்சிட்டி, இகோசிஸ்டம், கன்சர்வேஷன், ரெயின்ஃபொரஸ்ட். மூச்சுவிடாமல் ஒப்புவிப்பாள். எல்லாம் மாநாட்டு மேடைச் சொற்கள். ஒன்றுக்காவது காலோ இறகோ கிடையாது. மாஸ்டரையும் குறை சொல்ல மாட்டேன். வினாத்தாளில் வருவதைத்தானே அவர் கொடுப்பார்?

கொலன்னாவை என்றதும் ஊராருக்கு எண்ணெய்த் தாங்கிகள்தான் நினைவுக்கு வரும். 1995 ஒக்டோபரில் அவை எரிந்த புகையை வெள்ளவத்தையிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாங்கிகளுக்கு அப்பால் கொலன்னாவைச் சதுப்பு கிடக்கிறது. மழைநீரைத் தேக்கி வைத்து, மெல்லக் கால்வாய்களில் விடுவது அதன் வேலை. இரவில் மீன்பிடிப் பூனை உலாவுகிற தலைநகரம் உலகத்தில் எத்தனை இருக்கும்? நம்முடையது அதில் ஒன்று. 2018இல் துபாயில் ராம்சர் மாநாடு முதன்முதலாக 18 நகரங்களை ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்தபோது கொழும்பும் அதில் சேர்ந்தது.

அந்தச் சான்றிதழ் வருவதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னர் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டாலில் கொட்டிய குப்பை, 2009இல் அந்த மேடு மூடப்பட்ட பிறகு இங்குள்ள மீதொட்டமுல்லைக்கு வரத் தொடங்கியது. லொறி லொறியாகச் சதுப்பின்மேல் ஏற்றினார்கள். சனங்கள் மறித்தார்கள், மனுக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டன்று பின்னேரம், அந்தக் குப்பை மலை சரிந்தது. 32 பேர் செத்தார்கள். மலை மேலிருந்து விழுந்து மூடியது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதைதான். குப்பையின் பாரம் அடியிலிருந்த மென்மையான மண்ணைப் பிதுக்க, மலையடியில் தரையே மேலெழும்பி வீடுகளைப் பெயர்த்தது.

அந்த மண்ணுக்கு ஆங்கிலத்தில் பீட் என்று பெயர். செடிகொடிகள் காற்றுப்படாத தண்ணீருக்குள் பாதி மக்கி, நூற்றாண்டுக் கணக்கில் படிந்து உண்டாவது. கறுப்பாக இருக்கும்; கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வடியும். பாரத்தைத் தாங்காது. நான்கே எழுத்துச் சொல். மருமகளின் பட்டியலில் அதுவும் இல்லை.

இன்னொரு சொல்லும் இல்லை: ரெக்லமேஷன். சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்குவதற்கு ஆங்கிலம் வைத்திருக்கும் கௌரவமான பெயர். அதற்கென்றே ஓர் அரச கூட்டுத்தாபனமும் அமைத்தார்கள். தமிழில் பலகை எழுதியவர்கள் அப்படியே ‘காணி மீட்டல்’ என்று போட்டுவிட்டார்கள். யாரிடமிருந்து மீட்டது? நாரையிடமிருந்தா? நியாயமாகச் சொன்னால், இப்போது பெத்தகான ஈரநிலப் பூங்கா போன்ற இடங்களில் சதுப்பைக் காக்கும் வேலையிலும் அரச நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனாலும் 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, மேடாக்கிய நிலத்தில் அதற்குத் தங்க இடமிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகளின் கொப்பியில் நானாகவே ஒரு பட்டியல் எழுதினேன்: மார்ஷ், பீட், ரீட், ஹெரன், ஒட்டர், மொனிட்டர், ரெக்லமேஷன். வாசித்துவிட்டு அவள் கேட்டாள், “மொனிட்டர் எண்டா வகுப்புத் தலைவர்தானே மாமா?” கால்வாய்க் கரையில் அவள் தினமும் பார்க்கிற கபரகொய்யாதான் அது என்றேன். நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்தாள். பிறகு, “இது சோதனைக்கு வருமா?” என்றாள்.

வராது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வரவேண்டும் என்று பரீட்சைத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன்.