கடைசி நாட்களுக்கும் தரம் உண்டு

“இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று மருத்துவர் சொன்ன பிறகு, குடும்பத்தில் யாராவது ஒருவர் ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், பற்றி விசாரிக்கத் தொடங்குவார். அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எல்லா இடமும் ஒன்றுதான், சேவையாக நடத்துகிறார்கள், அங்கே போய்த் தரம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? போகப்போகிற உயிர், அன்பாகப் பார்த்துக்கொண்டால் போதாதா? பிரசவத்துக்கு எந்த மருத்துவமனை நல்லது என்று பத்துப் பேரிடம் கேட்பவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் வாய் திறக்கக் கூசுகிறார்கள். அதனால் அவதிப்படுவது படுக்கையில் கிடப்பவர்.

மேற்சொன்ன பேச்சில் வலுவான வாதம் அளவுகோல் பற்றியது. மற்ற மருத்துவமனைகளில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பார்க்கலாம். ஹாஸ்பிஸில் அநேகமாக எல்லோரும் இறந்துபோகிறார்கள். எதை வைத்து நல்லது கெட்டது சொல்வது?

ஆஸ்திரேலியாவில் இதை 2005 முதல் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே ஒரு தேசியக் கூட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஆதரவு சிகிச்சை (palliative care) மையங்கள் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், தூக்கமின்மை ஒவ்வொன்றும் எவ்வளவு வருத்துகிறது என்று சுழியத்திலிருந்து பத்து வரையிலான எண்ணில் நோயாளியின் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொள்கின்றன. சிகிச்சையின் ஒரு கட்டம் தொடங்கும்போது வலி லேசாக இருந்தவர்களில் 90 சதவீதம் பேருக்காவது அந்தக் கட்டம் முடியும்போதும் லேசாகவே இருக்க வேண்டும். நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களில் குறைந்தது 60 சதவீதம் பேருக்கு லேசாகக் குறைந்திருக்க வேண்டும். நிலைமை திடீரென்று மோசமானால் மூன்று நாட்களுக்குள் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், அதுவும் பத்தில் ஒன்பது பேருக்கு. எந்த மையம் இந்த இலக்கை எட்டியது, எது எட்டவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. அநேகமாக எல்லா நோயாளிகளும் இறந்துபோகிற இடத்தில்தான் இவ்வளவும் அளக்கப்படுகின்றன.

முடிவு ஒன்றுதான் என்பதுகூட முழு உண்மை இல்லை. 2010இல் பாஸ்டன் நகரில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட 151 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவினருக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும். இரண்டாம் பிரிவினருக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசி நேரத்தில் உடலை வதைக்கும் சிகிச்சைகளும் குறைந்தன. அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுடையது 8.9 மாதம். ஒரே ஆய்வை வைத்து எல்லா நோய்க்கும் இதைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ‘எப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒன்றுதான்’ என்ற பேச்சுக்கு இது போதுமான பதில்.

அடுத்தது, அன்பு இருந்தால் போதும் என்பது. இதை மறுக்க ஹாஸ்பிஸின் வரலாறே துணைக்கு வருகிறது. நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கியவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக, சமூகப் பணியாளராக இருந்து பின்னர் மருத்துவரானவர். 1958இல் லண்டனின் செயின்ட் ஜோசப் ஹாஸ்பிஸுக்கு அவர் வந்தபோது அங்கே அன்புக்குக் குறைவில்லை. கன்னியாஸ்திரீகள் அர்ப்பணிப்போடு நடத்திவந்த இடம் அது. சாண்டர்ஸ் கொண்டுவந்தது வேறு இரண்டு. வலி தாங்காமல் நோயாளி கேட்கும்வரை காத்திருக்காமல் கடிகாரம் பார்த்து மார்ஃபின் கொடுப்பது ஒன்று. ஒவ்வொருவரின் நிலையையும் எழுதிவைப்பது மற்றொன்று. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை அவர் தொகுத்தார். 1967இல் அவர் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ், நோயாளிகளைப் பார்ப்பதோடு ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரிய இடமாகவே அமைக்கப்பட்டது.

அன்புக்கும் திறமைக்கும் உள்ள வித்தியாசம் சின்னச் சின்ன விஷயங்களில் தெரியும். மார்ஃபின் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு மலச்சிக்கல் வரும். சில நாளில் குமட்டல் ஓரளவு பழகிவிடும், தூக்கக் கலக்கமும் தெளியும், மலச்சிக்கல் மட்டும் போகாது. அதனால் மார்ஃபின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியும் எழுதியிருக்க வேண்டும். அது இல்லையென்றால், எழுதியவர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும், ஒரு வாரத்தில் நோயாளி வயிறு கல்லாகிப் புற்றுநோயைவிட அதனாலேயே அதிகம் துடிப்பார். சுற்றியிருப்பவர்கள் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று புண்ணின் நாற்றம். மார்பிலோ கன்னத்திலோ புற்றுநோய் வெடித்து வெளியே வந்துவிட்டால் வரும் நாற்றத்தில் பெற்ற பிள்ளைகளே அறைக்குள் நுழையத் தயங்குவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. நோயாளிக்கும் அது தெரியும். அதனாலேயே யாரையும் கிட்ட வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார். சில ரூபாய்க்குக் கிடைக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துக் கழுவிய புண்ணின்மேல் தூவிக் கட்டினால் அந்த நாற்றம் பெருமளவு அடங்கும். இந்தியாவின் ஆதரவு சிகிச்சை செவிலியர்கள் அன்றாடம் செய்கிற வேலை இது. பேரப்பிள்ளை மறுபடியும் கட்டிலில் வந்து உட்காருவதற்கு அன்போடு அந்த மாத்திரையும் அதைத் தெரிந்த கையும் வேண்டும். ஒரு ஹாஸ்பிஸ் வார்டுக்குள் நுழைந்தவுடன் என்ன வாசனை வருகிறது என்று கவனிப்பதில் தவறே இல்லை.

கட்டடத்தைப் பார்த்து மதிப்பிடுகிறவர்களும் உண்டு. ஏசி அறை, பளபளக்கும் தரை, வாசலில் தோட்டம். இவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தியாவில் இந்தத் துறையை வளர்த்தெடுத்தது கட்டடம் அல்ல. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவர் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்களோடு வீடுகளுக்குப் போகும் இயக்கமாக விரிந்தது. 2008இல் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. நாட்டிலேயே முதல் மாநிலம் அதுதான். இன்று அங்கே உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வீடு தேடி வரும் சேவையில் பார்க்க வேண்டியது தரையின் பளபளப்பு அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, எடுப்பவர் செவிலியரா காவலாளியா, ஞாயிற்றுக்கிழமை யார் வருவார், அதுவரை கொடுக்க வேண்டிய மருந்தை முன்கூட்டியே வீட்டில் கொடுத்துவைத்து எப்படிக் கொடுப்பதென்று மகளுக்கோ மருமகளுக்கோ சொல்லித்தந்திருக்கிறார்களா என்பவைதான்.

வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களுக்குப் படுக்கை வசதி அவசியம். மும்பையில் 1986இல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன், பெங்களூரின் கருணாஸ்ரயா, சென்னை மாத்தூரின் ஜீவோதயா போன்றவை அவர்களுக்காகவே இருக்கின்றன. இத்தகைய இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பகலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைவிட இரவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியவர்களை இரவிலும் அப்படிச் செய்தாக வேண்டும்.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் ‘முடித்துவிடுவார்கள்’, ஆகவே அதைத் தொடாத இடமே பாதுகாப்பானது என்ற பயம் தமிழ்நாட்டில் ஆழமாகவே இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இங்கிலாந்தின் காஸ்போர்ட் போர் நினைவு மருத்துவமனையில் 1989 முதல் 2000 வரை, தேவையில்லாமல் கொடுத்த வலி மருந்துகளால் 450க்கும் மேற்பட்டோரின் ஆயுள் குறுகியதாக 2018இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. 1991லேயே அங்கிருந்த செவிலியர்கள் எச்சரித்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அறிக்கை காட்டுவது, மருத்துவக் காரணம் இல்லாமலும் கண்காணிப்பு இல்லாமலும் கொடுத்ததன் விளைவை. வாய்வழி மார்ஃபினைக் குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றி, ஒவ்வொரு வேளையும் எழுதிவைக்கும் இடத்தில் நடப்பது அதற்கு நேர்மாறானது.

மார்ஃபினே இல்லாத ஹாஸ்பிஸ், கடும் வலியில் வருகிறவருக்கு எதைக் கொடுக்கும்? சட்டப்படி அபினி பயிரிடும் நாடு இது. இருந்தும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல மாநிலங்களில் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்க நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன, பல இடங்கள் வாங்குவதையே நிறுத்திவிட்டன. ராஜகோபால் போன்றவர்களின் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியே பிரிக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதல் ஒன்றே போதும் என்றானது. ஆகவே ‘உங்களிடம் மார்ஃபின் அங்கீகாரம் இருக்கிறதா, போன மாதம் கையிருப்பு தீர்ந்துபோனதா’ என்பது ஒரு ஹாஸ்பிஸைப் பார்த்துக் கேட்கவேண்டிய முதல் கேள்வி. அங்கீகாரமே இல்லை என்று பதில் வந்தால் மற்ற வசதிகளைப் பற்றி விசாரிக்கவே வேண்டியதில்லை.

சரி, சான்றிதழைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று என்பார்கள் படித்தவர்கள். அமெரிக்காவில் ஹாஸ்பிஸுக்குச் சான்று உண்டு, ஆய்வு உண்டு, இணையத்தில் ஒப்பிடும் வசதியும் உண்டு. அங்கே 2012 முதல் 2016 வரை நடந்த ஆய்வுகளை அரசின் தலைமைக் கண்காணிப்பு அலுவலகம் திரட்டி 2019இல் வெளியிட்டது. ஆய்வுக்கு உட்பட்ட ஹாஸ்பிஸ்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவற்றில் ஏதாவதொரு குறை இருந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் கடுமையான குறை. உணவுக்குழாய் செருகிய இடத்தில் புழு வைத்த நோயாளியும் அந்த அறிக்கைகளில் வருகிறார். அங்கே அரசுக் காப்பீடு நாள் கணக்கில் பணம் தருகிறது. செவிலியர் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைய தொகை வந்துவிடும். சாகும் நிலையில் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு பணம் பார்த்தவர்கள் இப்படித்தான் முளைத்தார்கள். கலிபோர்னியா 2022இல் புதிய ஹாஸ்பிஸ் உரிமங்களையே நிறுத்திவைத்தது.

அதே அமெரிக்காவில்தான் நல்ல அளவுகோல்களும் உருவாகியிருக்கின்றன. இறப்பதற்கு முந்தைய மூன்று நாட்களில் குறைந்தது இரண்டு நாட்களாவது செவிலியரோ சமூகப் பணியாளரோ நேரில் வந்தாரா என்பது அதிலொன்று. இறந்த பின் குடும்பத்தினருக்கு அனுப்பப்படும் கேள்வித்தாள் இன்னொன்று. மாலையிலும் விடுமுறை நாளிலும் உதவி கிடைத்ததா என்று அதில் கேட்கிறார்கள். சுவரில் மாட்டிய சான்றிதழைவிட இந்தப் பதில்களுக்கு மதிப்பு அதிகம்.

படிவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து பட்டுத் தெரிந்துகொண்டது. ஹாஸ்பிஸின் நல்ல வழக்கங்களைச் சாதாரண மருத்துவமனைக்கும் கொண்டுபோக லிவர்பூலில் ஒரு நடைமுறை வகுத்தார்கள். எண்ணம் நல்லது. பின்னர் அதைப் பயன்படுத்தும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை வந்தது. கட்டங்களில் டிக் விழுந்தது. வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நோயாளியை அதில் சேர்த்ததாகவும், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டும் கொடுக்கவில்லை என்றும் புகார்கள் குவிந்தன. 2013இல் ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான குழு அதைக் கைவிடச் சொன்னது.

கடைசியாக, இலவசமாகச் செய்பவர்களிடம் கேள்வி கேட்கலாமா என்ற தயக்கம். நம் ஊரில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. இந்தியாவின் ஹாஸ்பிஸ்களில் பல காசு வாங்குவதில்லை, நன்கொடையில் ஓடுகின்றன. அவர்களுக்கு நன்றி சொல்வது முறைதான். நன்றி சொன்னவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்த முறையும் இல்லை. இந்த நாட்டின் ஆதரவு சிகிச்சை மருத்துவர்கள் தாங்களே கூடிக் குறைந்தபட்சத் தர அளவுகோல் ஒன்றை உருவாக்கி, பல மையங்கள் அதைக் கொண்டு தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்ததை 2014இல் வெளியிட்டார்கள். வலியைக் கேட்டு எழுதிவைக்கிறீர்களா, மார்ஃபின் தடையின்றிக் கிடைக்கிறதா, மருத்துவரும் செவிலியரும் பயிற்சி பெற்றவர்களா என்பவை அதன் சாரம். தங்களுக்குள் கேட்டுக்கொண்ட இந்தக் கேள்விகளை நோயாளியின் வீட்டார் கேட்டால் நல்ல மையம் எதுவும் முகம் சுளிக்காது. முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், நோய் ஆதரவு சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. படுத்த படுக்கையாய் இருப்பவரின் வீட்டுக்கு அரசுச் செவிலியர் வருவது பெரிய காரியம். எத்தனை லட்சம் பேர் பயன்பெற்றார்கள் என்ற கணக்கை அரசு பெருமையோடு சொல்கிறது. அந்தக் கணக்கின் பக்கத்திலேயே, முதல் வருகையில் வலி எட்டு என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அடுத்த வருகையில் மூன்றுக்குக் கீழே சொன்னார்கள் என்பதையும் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும்.