மெஷினில் போட்டால் மௌத்தா?



"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா மெஷின்ல போடுவாங்க. மெஷின்ல போட்டா மௌத்துதான்." கொரோனா போய் இத்தனை வருடங்களாகியும் மாத்தளையில் கொங்காவெல முதல் வரக்காமுறை வரை இந்தப் பேச்சு ஓயவில்லை. யாருக்காவது நியூமோனியா கடுமையானால், வென்டிலேட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே பின்வாங்குகிறது. இதை வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும்.

முதலில் நியாயத்தைச் சொல்வோம். இந்தப் பயம் சும்மா வரவில்லை. கொரோனாவில் இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று 2020 மார்ச் 24இல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. ஒரு வாரத்துக்குள் நீர்கொழும்பு முஸ்லிம் சகோதரர் ஒருவரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11இல் எரிப்பதைக் கட்டாயமாக்கி வர்த்தமானி வந்தது. டிசம்பரில் பிறந்து 20 நாளேயான குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்க அனுமதி கிடைத்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன.

அந்தப் பதினொரு மாதமும் ஆஸ்பத்திரி வாசல் நம் கண்ணுக்கு எரியும் அடுப்பின் வாசலாகவே தெரிந்தது. மூச்சு முட்டியும் வீட்டிலேயே கிடந்தவர்கள் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரித்த ஜனாஸாக்களுக்கு மன்னிப்பு சரி. பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாமல் மௌத்தானவர்களின் கணக்கை யார் எடுப்பது?

ஆனால் அரசாங்கம் செய்த அநியாயத்தைச் சாட்டாக வைத்து வைத்தியத்தையே பொய்யாக்க நமக்கு உரிமையில்லை.

வென்டிலேட்டர் நோயைச் சுகப்படுத்துவதில்லை. நுரையீரல் தேறும் வரை அதன் வேலையைச் சுமக்கிறது. அதற்கு முன்பே பல படிகள் உண்டு: முகமூடியில் ஒட்சிசன், மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் ஒட்சிசன், குப்புறப் படுக்க வைப்பது. குழாய் போடுவது கடைசிப் படி. நேரத்தோடு போய் முதல் படியிலேயே தேறி வீடு வந்தவர்களைப் பற்றி எவரும் வொய்ஸ் கட் அனுப்பவில்லை. உதடு நீலம் பாயும் வரை வீட்டில் வைத்திருந்து கொண்டு போனவர் நேரே கடைசிப் படிக்குத்தான் போவார். அவர்களில் பலர் மௌத்தானதைப் பார்த்து மெஷின் கொன்றது என்கிறோம். மழையில் எல்லோர் கையிலும் குடை இருக்கிறது, ஆகவே குடைதான் மழையைக் கொண்டு வந்தது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொன்னால்கூடத் திருத்துகிறோமே!

"ஒருமுறை போட்டால் கழற்ற முடியாது, பாவம்" என்பார்கள். மூளையின் செயற்பாடு முற்றாக நின்று, இனித் திரும்பாது என்று நிபுணர்கள் உறுதி செய்தால் கருவியை அகற்றலாம் என 1986இலேயே அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்துவிட்டது.

"எல்லாம் தவக்குல்" என்பார்கள். ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டதும் பாதிவழியில் திரும்பிய உமர் (ரலி) அவர்களைவிட நமக்குத் தவக்குல் கூடவா?

காசு சேர்த்து மெஷின் வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஓகஸ்டில் தினமும் 200 பேருக்கு மேல் இறந்த நாட்களில், இந்தியாவிலிருந்து கப்பலில் ஒட்சிசன் வர வேண்டியிருந்தது. ஒட்சிசனும் பயிற்சி பெற்ற தாதியரும் இல்லாவிட்டால் வென்டிலேட்டர் வெறும் பெட்டி.

ஆகவே, அரசாங்கம் வெறும் மன்னிப்போடு நிற்காமல், அறிவியல் ஆதாரமின்றி அடக்கும் உரிமையைப் பறிக்க முடியாதபடி சட்டம் கொண்டுவர வேண்டும். பள்ளி நிர்வாகங்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் நாலைந்து ஒக்ஸிமீட்டர் வைத்து இரவல் கொடுக்கட்டும். வைத்தியரோடு சிங்களத்தில் தெளிவாகப் பேசத் தெரிந்த ஒருவரை நோயாளியின் குடும்பத்தோடு அனுப்பட்டும். ஒட்சிசன் 94க்குக் கீழே இறங்கினால், ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஜும்ஆவில் சொல்லட்டும்.

நாம் செய்ய வேண்டியது இன்னும் இலேசு. அடுத்த வொய்ஸ் கட் வந்தால் ஃபோர்வர்ட் பண்ணாமல், அனுப்பியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த நோயாளியை எத்தனையாவது நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள்?