உடைவது கம்பி, குற்றவாளி உடலா?

உடல் எடை மிகுந்தோருக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பயிற்சிகளுள் மிதிவண்டியும் ஒன்று. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாழும், நூறு கிலோ எடையுள்ள ஒருவர் அதை ஏற்று வண்டி வாங்குகிறார் என்று கொள்வோம். சில மாதங்களில் பின்சக்கரத்தில் ஓர் ஆரக்கம்பி அறுகிறது. அதை மாற்றிய சில வாரங்களில் இன்னொன்று. ‘உங்கள் எடைக்கு வண்டி தாங்காது’ என்ற விடை கிடைக்கிறது. மூன்றாவது கம்பியோடு வண்டி மாடிப்படியின் அடியில் ஒதுங்குகிறது. உடற்பயிற்சியும் அதனோடு ஒதுங்குகிறது. யாருக்கு மிதிவண்டி மிகவும் தேவையோ, அவரையே அது வெளியேற்றிவிடுகிறது.

இந்த விடை பொறியியலின்படி அரைகுறையானது. 2 மி.மீ. தடிமனுள்ள நல்ல எஃகுக் கம்பி இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட இழுவிசையைத் தாங்கும். எனவே பாரம் ஒரே இழுப்பில் அதை அறுப்பதில்லை. அறுப்பது உலோகக் களைப்பு. சக்கரத்தின் அடிப்பகுதிக்கு வரும் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் சற்றே தளர்ந்து, மேலெழும்போது மீண்டும் இறுகுகின்றன. ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளியிட்ட மிதிவண்டிச் சக்கரம் பற்றிய நூல் இதனை விரிவாக விளக்கியது. நாளொன்றுக்குப் போக வர 10 கி.மீ. செல்பவரின் சக்கரம் ஏறத்தாழ 4,600 முறை சுழல்கிறது. ஆண்டில் 300 நாள் என்றால் சுமார் 14 லட்சம் முறை. கம்பி பெரும்பாலும் ஹப்பில் மாட்டும் வளைவிலேயே அறுவது இதனால்தான்.

எடைக்கு இதில் பங்கில்லை என்பதன்று. எடை கூடக் கூட அந்தத் தளர்வும் கூடுகிறது. ஆனால் கம்பி தொடக்கத்திலேயே போதிய இறுக்கம் பெற்றிருந்தால் அது முற்றிலும் தொய்ந்துபோவதில்லை. தொய்ந்த கம்பியில்தான் நிப்பிள் கழல்கிறது, வளைவு ஹப்பின் துளையில் அசைகிறது, அண்டைக் கம்பிகள் மீது கூடுதல் சுமை விழுகிறது. மேம்பாலத்தின் இணைப்புகளும் சாலையின் வேகத்தடைகளும் எஞ்சிய வேலையை முடித்துவிடுகின்றன.

‘தடித்த கம்பி போட்டால் போதும்’ என்பதும் முழு உண்மையன்று. இரு முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என மெலிந்த கம்பி, ஒரே தடிமனுள்ள கம்பியைவிட நீடித்து உழைக்கும். மெலிந்த நடுப்பகுதி நெகிழ்ந்து கொடுப்பதால் வளைவின் மீதான அழுத்தம் குறைகிறது. சுமை பல கம்பிகளுக்குப் பகிரப்படுகிறது. மிகுந்த எடைக்கு, வளைவில் மட்டும் 2.3 மி.மீ. தடிமனுள்ள கம்பிகளும் உண்டு. இவற்றின் விலை கூடுதல். தெருமுனைக் கடையில் எளிதில் கிடைப்பதுமில்லை. ஆயினும் 2 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் 36, சீரான இறுக்கம், அகன்ற டயர் ஆகியவை இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். மூட்டை சுமந்த பழைய கறுப்பு மிதிவண்டிகள் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்ற கணக்கைக் கொண்டிருந்தன. சுமை பின்புறம் மிகுதி என்ற எளிய அறிவு அது. 28 கம்பிகளோ அதனினும் குறைவோ கொண்ட இன்றைய ஒயிலான சக்கரங்கள் அவ்வறிவைத் துறந்துவிட்டன.

ஆகவே வாங்குவோர் கியர்களின் எண்ணிக்கைக்கு முன் பின்சக்கரக் கம்பிகளின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். உற்பத்தியாளர்கள் வண்டி தாங்கும் எடையை விற்பனையின்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும். கோட்டம் எடுக்கும் தொழிலாளியின் கைத்திறனுக்கு உரிய கூலி தரப்பட வேண்டும். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றுவது அவர் வேலையன்று. எல்லாக் கம்பிகளின் இறுக்கத்தையும் சமன்செய்வதே அவர் கலை. அதற்கு நேரமும் காசும் தராதவர்கள் கம்பியைக் குறைசொல்வதில் பொருளில்லை.

மயிலிறகும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் கருத்தைச் சொல்லிப் பருத்தவரைக் கேலி செய்வோர் உண்டு. அக்குறள் இடம்பெறும் அதிகாரம் ‘வலியறிதல்’. ஏறுபவரின் எடையை அறிந்து வண்டியின் வலிமையை வகுப்பதும் அந்த அறிதலில் அடங்கும்.