ராஜாவைக் கூப்பிடுங்க, குதிரை காத்திருக்கு!

செஸ் புத்தகத்துல ஒரு படம் போட்டு, கீழே 'வெள்ளை ஆடி ஜெயிக்கணும்'னு எழுதியிருந்தா அஞ்சு நிமிஷத்துல விடை கண்டுபிடிச்சுடறீங்க. அதே நீங்க இன்டர் காலேஜ் டோர்னமென்ட்ல கிளாக் முன்னாடி உட்கார்ந்தா, அதைவிட ஈஸியானதைக் கோட்டை விட்டுட்டு ஹாஸ்டல் ரூம்ல வந்து தலையில அடிச்சுக்கறீங்க. எங்கே போச்சு அந்த மூளை?

மூளை எங்கேயும் போகலை பாஸ். புத்தகம் பாதி விடையை முன்னாடியே சொல்லிடுச்சு, அவ்வளவுதான். மேத்ஸ்ல பாடத்துக்கு அடியில இருக்கற கணக்கை எல்லாரும் போடுவோம். எந்த ஃபார்முலான்னு தலைப்பே சொல்லிடுமே! செமஸ்டர் பேப்பர்லதான் தலைப்பு கிடையாது.

சரி, ஒரு போர்டை எடுங்க. வெள்ளைக்கு ராஜா எச் 1, ராணி பி 2, குதிரைகள் டி 6, இ 3. சிப்பாய்கள் ஏ 2, பி 3, சி 4, டி 5, எச் 2. கருப்புக்கு ராஜா ஜி 8, ராணி ஜி 5, யானை எஃப் 7, குதிரை ஏ 5. சிப்பாய்கள் ஏ 6, பி 5, சி 5, எச் 7. வெள்ளை ஆடணும்.

1966, மாஸ்கோ. உலக சாம்பியன்ஷிப்போட 10-வது ஆட்டம். வெள்ளை, சாம்பியன் டிக்ரான் பெட்ரோசியன். கருப்பு, போரிஸ் ஸ்பாஸ்கி.

டி 6 குதிரையால யானையை டபக்னு வெட்டிடலாமேன்னு கை பரபரக்கும். வெட்டினா கருப்பு ராணி இ 3 குதிரையைத் தூக்கிட்டு சண்டையைத் தொடரும். அதனால ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு, கேள்வியை மட்டும் மாத்திக் கேளுங்க. 'என் குதிரை எங்கே போகலாம்?' வேண்டாம். 'எஃப் 7-க்குப் போனா அங்கேயிருந்து எதையெல்லாம் பார்க்கும்?' இப்படிக் கேளுங்க. ஜி 5-ஐப் பார்க்கும், அங்கே ராணி ரெடியா நிக்குது. எச் 8-ஐப் பார்க்கும், அது காலி. அந்தக் காலிக் கட்டத்துல மட்டும் கருப்பு ராஜா இருந்தா..? ஒரே குதிரை, ராஜாவுக்கு செக், ராணிக்கும் வெட்டு!

இல்லாத ராஜாவை எப்படி வரவழைக்கிறது? உங்க ராணி பி 2-ல இருக்கு. அங்கேயிருந்து எச் 8 வரைக்கும் மூலைவிட்டம் முழுக்கக் காலி. போடுங்க ராணியை எச் 8-ல, செக்!

பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனமா தெரியும். ஆனா ஸ்பாஸ்கிக்கு வேற வழியே கிடையாது. சட்டப்படி இருக்கற ஒரே நகர்வு, ராஜா அந்த ராணியை வெட்டறதுதான். அடுத்து குதிரை யானையை வெட்டி செக். ராஜா நகர்ந்ததும் ஜி 5 ராணியும் காலி. கணக்கு முடியும்போது வெள்ளைக்கு ரெண்டு குதிரை, அஞ்சு சிப்பாய். கருப்புக்கு ஒரு குதிரை, நாலு சிப்பாய். ஸ்பாஸ்கி அதுவரைக்கும் காத்திருக்கலை. எச் 8-ல ராணியைப் பார்த்ததும் ஆட்டத்தை விட்டுக் கொடுத்துட்டார்.

இதுல எனக்குப் பிடிச்சதே இனிமேதான் வருது. அதே பெட்ரோசியன், 1956-லயே மாஸ்கோவுல சிமாகினோட ஆடினப்ப இதே எச் 8-ல ராணியைக் கொடுத்து, இதே எஃப் 7-ல குதிரையைப் பாய்ச்சியிருக்கார். பத்து வருஷப் பழைய படம், புது தியேட்டர்ல ரிலீஸ்! ஞானக்கண்ணுன்னெல்லாம் நாம கையெடுத்துக் கும்பிடறதுல பாதி, இப்படி ஏற்கெனவே பார்த்து மனசுல தங்கின படம்தான்.

அப்படின்னா படங்களை மனப்பாடம் பண்ணிட்டா போதுமா? போதாது. சாட்சி, நம்ம சென்னைக்காரர் விஸ்வநாதன் ஆனந்த்.

2014, சோச்சி. கார்ல்சனோட உலக சாம்பியன்ஷிப். அஞ்சு ஆட்டம் முடிஞ்சு ரெண்டு பேருக்கும் இரண்டரைப் பாயின்ட். 6-வது ஆட்டம், 26-வது நகர்வு. கார்ல்சன் தன் ராஜாவை டி 2-க்கு நகர்த்தினார். மாஸ்கோவுல ராஜாவை இழுத்துட்டு வர ஒரு ராணியைக் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே ராஜா தானா நடந்து வந்து நிக்குது! ஆனந்தோட ஜி 6 குதிரை இ 5 சிப்பாயை வெட்டியிருக்கலாம். பதிலுக்கு கார்ல்சன் ஜி 8-ல யானையை வெட்டினாலும், குதிரை சி 4 சிப்பாயை வெட்டி செக் சொல்லும். டி 2-ல ராஜா இருக்கறதாலதான் அது செக். இன்னொரு செக் வெச்சுட்டு, சாவகாசமா ஜி 8-ல திருப்பி வெட்டிக்கலாம். ரெண்டு சிப்பாய் லாபம்.

ஆனந்த் ஏ 4-க்கு சிப்பாயைத் தள்ளினார். கார்ல்சன் அந்த ஆட்டத்தை 38 நகர்வுல ஜெயிச்சார்.

நெட்ல பார்த்துட்டிருந்த நமக்கெல்லாம் கம்ப்யூட்டர் அந்த நொடியே காட்டிக் கொடுத்துடுச்சு. 'இதைக்கூடப் பார்க்கலையா'ன்னு நாமளும் சுலபமா உச்சுக் கொட்டினோம். போர்டு முன்னாடி இருந்த மனுஷன்கிட்ட யாரும் 'கருப்பு ஆடி ஜெயிக்கணும்'னு சொல்லலையே! பரிசு வரும்னு எதிர்பார்க்காதப்ப, வந்தாலும் சில சமயம் வாங்கிக்கத் தோணாதுங்கற அர்த்தத்துல ஆனந்த் பின்னாடி பேசினார்.

அதனால ஒரு சின்னப் பழக்கம். எதிராளி ஒவ்வொரு தடவை காயை வெச்சதும், உங்க திட்டத்தைத் தொடரறதுக்கு முன்னாடி, 'இப்ப என்ன மாறிச்சு? புதுசா எந்த செக் கிடைச்சிருக்கு? எந்தக் காய்க்குக் காவல் போச்சு?'ன்னு கேளுங்க. பத்து செகண்ட் வேலை. முக்கியமா, எதிராளி உங்களைவிட பெரிய ரேட்டிங்குன்னா கட்டாயம் கேளுங்க. அவர் தப்பே பண்ண மாட்டார்னு நினைக்கிற இடத்துலதான் நம்ம கண்ணு மூடிக்குது. புத்தகத்துல பயிற்சி எடுக்கும்போது, யார் ஜெயிக்கிறாங்கன்னு எழுதியிருக்கற வரியைக் கையால மறைச்சுக்கங்க. சில படத்துல ஒண்ணுமே இருக்காது. அதையும் கண்டுபிடிக்கத் தெரியணும் இல்லையா?

போர்டைக் கலைச்சுடாதீங்க. மாஸ்கோ ஆட்டத்துல கருப்பு ராணியை மட்டும் ஜி 5-லேர்ந்து எடுத்து எச் 6-ல வைங்க. இப்பவும் எச் 8-ல ராணியைக் கொடுப்பீங்களா? கொடுத்தா, எல்லா வெட்டும் முடிஞ்சப்புறம் யார்கிட்ட எத்தனை காய் மிச்சம்? கம்ப்யூட்டரைத் தொடாம சொல்லுங்க பார்க்கலாம்!