வயதெண் போதாது, உள்ளே என்ன என்று சொல்லுங்கள்

மலேசியாவின் பூச்சோங்கில் கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகும் வீடுகள் ஏராளம். எல்.டி.பி. நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, சேர்ந்து உட்காரும்போது மணி பத்தை நெருங்கிவிடுகிறது. நாளெல்லாம் காத்திருந்து கிடைக்கும் அந்தப் பொழுதில் திரையில் எது வருகிறது என்பது சின்ன விஷயமல்ல. துணையோடு பார்க்கப்போகும் படத்தில் அவர் மனத்தை நோகடிக்கும் காட்சி உண்டா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்ல இல்லறப் பழக்கம். அதற்கான தகவலைத் தமிழில் தருவது ஒளிபரப்பும் நிறுவனங்களின் கடமை.

2024-இல் வந்த ‘மகாராஜா’வை எடுத்துக்கொள்வோம். காணாமல்போன குப்பைத்தொட்டியைக் கண்டுபிடித்துத் தரும்படி காவல் நிலையம் போகும் ஒரு முடிதிருத்துநரின் கதையாக அது தொடங்குகிறது. ஒரு பள்ளி மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமையே கதையின் கரு என்பது வெகுநேரம் கழித்துத்தான் புரிகிறது. 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘பாவக் கதைகள்’ தொகுப்பில், வெற்றிமாறனின் ‘ஓர் இரவு’ இன்னும் கடுமையானது. சாதி மாறி மணந்து, வளைகாப்புக்கென்று வீட்டுக்கு அழைத்துவரப்பட்ட கர்ப்பிணி மகளுக்குத் தந்தையே நஞ்சு கொடுக்கிறார். அவள் துடிதுடித்துச் சாவதைக் கேமரா விலகாமல் காட்டுகிறது.

இரண்டும் மதிக்கத்தக்க படைப்புகள். சாதிக் கொடுமையைச் சொல்லும் படம் வலிக்கத்தான் வேண்டும். ஆனால் சாதி மாறி மணந்ததற்காகப் பெற்றோரால் ஒதுக்கப்பட்ட பெண்ணோ, கரு கலைந்த துயரம் இன்னும் ஆறாதவரோ அதை எதிர்பாராமல் பார்க்க நேர்ந்தால், அந்த இரவு மட்டுமா கெடும்? பின்னும் பல இரவுகள் தூக்கம் போகும்.

நம் நாட்டுத் திரைப்படத் தணிக்கை வாரியம் 2023-இல் தர வகைகளைத் திருத்தியது. இப்போது யு, பி12, 13, 16, 18 என ஐந்து உண்டு. பிள்ளைகளுக்கு எது ஆகாது என்று அவை சொல்லும். நாற்பது வயதுக்காரருக்கு 18 என்ற எண் எதைச் சொல்கிறது? கத்திக்குத்தா, தற்கொலையா, பாலியல் வன்முறையா? நெதர்லாந்தில் 2001 முதல் வயதெண்ணோடு வன்முறை, அச்சம், பாலுறவு, போதைப்பொருள் எனத் தனித்தனிப் படக்குறிகளும் இடம்பெறுகின்றன. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

‘கதையைக் கெடுத்துவிடும்’ என்பார்கள். தற்கொலைக் காட்சி உண்டு என்று சொன்னால் யார், ஏன், எப்போது என்பது வெளிப்பட்டுவிடாது. ‘இதுவும் ஒரு தணிக்கைதான்’ என்பார்கள். வெட்டுவது வேறு, விவரம் சொல்வது வேறு. விவரம் தெரிந்த பெரியவர்கள் தாமே முடிவெடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்காக யாரும் கத்தரிக்கோலை எடுக்கத் தேவையில்லை.

கருத்தில் கொள்ளவேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. எச்சரிக்கை வாசகங்கள் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளிவந்த ஆராய்ச்சி, அவை பார்ப்பவரின் மனவேதனையைக் குறைப்பதில்லை என்றும், பார்ப்பதற்கு முந்தைய பதற்றத்தைச் சற்றுக் கூட்டுகின்றன என்றும் கண்டது. படம் தொடங்கும்போது மூலையில் தோன்றி மறையும் நான்கு சொற்களை மட்டும் நம்ப முடியாது என்பதையே இது காட்டுகிறது. துணையின் கடந்தகாலத்தை அறிந்தவர் முன்னதாகவே விசாரித்து வேறு படத்தைத் தேர்ந்தால், பதற்றத்துக்கே இடமில்லை. முகமறியாத நிறுவனத்தால் ஆகாததை உடன் வாழ்பவரால் செய்ய முடியும்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். நாட்டின் உள்ளடக்க நெறித்தொகுப்பு 2022-இல் திருத்தப்பட்டது. அடுத்த திருத்தத்தில், தமிழ்ப் படங்களுக்கும் தொடர்களுக்கும் காட்சி விவரம் தமிழிலேயே, படத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலேயே தரப்பட வேண்டும் என்று சேர்க்க வேண்டும். தொடர்பு பல்லூடக ஆணையம் இதை வலியுறுத்த வேண்டும்.

இரண்டாவது நமக்கு. ‘படம்தானே, இதற்கெல்லாமா அழுவாய்?’ என்ற பேச்சை நம் வீடுகளில் நிறுத்துவோம். நொந்தவரே ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லிக் கெஞ்சும் நிலை வேண்டாம். படத்தை முன்பே பார்த்த நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்க இரண்டு நிமிடம் போதும். அந்தப் பொறுப்பை, எதையும் தாங்கும் மனம் உள்ளவர் ஏற்கட்டும்.