ஏழாம் எண் சட்டை

வியாழக்கிழமை இரவு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, நீ சொன்னாத்தான் அவ கேட்பா. விளையாட்டை விடச் சொல்லு. ஒரு முழங்கால் போனது போதும்."

'அவ' என்பது தங்கையின் மூத்த மகள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு தொடங்கப்போகிறாள். கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடியவள். சென்ற ஆண்டு மே மாதம் பயிற்சியின்போது பந்துக்காக எம்பிக் குதித்தாள். கால் தரையில் பட்டபோது இடது முழங்கால் உள்பக்கமாகத் திரும்பிவிட்டது. யாரும் மோதவில்லை, தள்ளவில்லை. "டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு பெரியம்மா, அவ்வளவுதான்" என்று மருத்துவமனையில் சொன்னாள். ஏசிஎல் என்ற தசைநார் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது பத்து மாதம் ஆகிறது. மறுபடியும் அணியில் சேரப்போகிறேன் என்கிறாள்.

தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா நிலையத்துக்கு வரச்சொன்னேன். அந்தக் கூட்டத்தில் மேசை கிடைப்பதே பெரும்பாடு. ஒருவழியாக இடம் பிடித்து, ஆளுக்கு இரண்டு தோசையும் தே தாரிக்கும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வரும்போது அவள் நடையைக் கவனித்தேன். படி ஏறும்போது வித்தியாசமே தெரியவில்லை. இறங்கும்போது மட்டும் கை, கைப்பிடியைத் தேடுகிறது.

"அம்மா அனுப்பினாங்களா?" என்றாள் முதல் வாய்க்கே.

ஆமாம் என்றேன். வயதுப் பிள்ளைகளிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பயனில்லை.

அணியின் நிலவரத்தை அவளே சொன்னாள். இந்த ஆண்டு மூன்று பேர் திரும்பி வருகிறார்கள். ஒருத்தி ஆறு மாத வேலைப் பயிற்சிக்குப் போனவள். இன்னொருத்தி மதிப்பெண் சரிந்ததால் வீட்டில் நிறுத்திவிட்டார்கள், இப்போது தேறிவிட்டாள். மூன்றாவது இவள். மற்ற இருவரும் மறுபடி பயிற்சிக்கு வந்த முதல் நாளே பழையபடி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்களாம். இவள் ஓரத்தில் ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்திருக்கிறாள்.

அணியில் இவள் ஒருத்திதான் தமிழ்ப் பெண். பயிற்றுவிப்பாளர் அவசரத்தில் மாண்டரினுக்குத் தாவிவிடுவார். 'ஃபாங் ஷோ' என்றால் தடுத்தாடு, 'குவாய்' என்றால் சீக்கிரம். இரண்டு ஆண்டில் இவளுக்கு அது பழகிவிட்டது. பதிலுக்கு அணி முழுவதற்கும் 'ஓடு, ஓடு' கற்றுக்கொடுத்திருக்கிறாள். எதிரணிக்குப் புரியாது என்பதால் முக்கியமான ஆட்டங்களில் அதைத்தான் கத்துகிறார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தாள்.

பிறகு சட்டைக் கதை வந்தது. அனைத்துலகக் கூடைப்பந்தில் வெகுகாலம் 4 முதல் 15 வரைதான் சட்டை எண்கள். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு சட்டை. இப்போது 99 வரை போடலாம். ஆனால் இவர்கள் கல்லூரியில் இன்னும் அந்தப் பழைய தொகுதிதான் இருக்கிறது. இவளுடையது ஏழு. இவள் படுத்திருந்த மாதங்களில் அது முதலாண்டு மாணவி ஒருத்திக்குப் போய்விட்டது. கொடுக்காமல் எப்படி? சட்டை சும்மா தொங்கிக்கொண்டா இருக்கும்?

"நம்பர் போனா போகுது பெரியம்மா. நான் உள்ள போனா யாரோ ஒருத்தி பன்னிரண்டு பேர்ல இருந்து வெளிய போகணும். அது அந்தப் பொண்ணாத்தான் இருக்கும். என் கால் உடைஞ்சதாலதான் அவளுக்கு சான்ஸே கிடைச்சது. அவ நல்லா ஆடுறா. நான் வந்து அதைப் பறிக்கலாமா?"

நான் வலி, தழும்பு, மதிப்பெண், வேலை என்று பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தேன். இந்தக் கேள்வி அதில் இல்லை. தே தாரிக்கை ஆற்றுவதுபோல் கொஞ்ச நேரம் ஓட்டினேன்.

அவள் கைப்பேசியின் முகப்பில் பெய்ஜ் பெக்கர்ஸ் படம் இருக்கிறது. கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். முதலாண்டிலேயே நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருதுகளை வாங்கியவர். 2022 ஆகஸ்ட்டில் அவருக்கும் இதே இடது முழங்கால், இதே தசைநார். அடுத்த பருவம் முழுவதும் பெஞ்சில். மறு ஆண்டு திரும்பினார். அரையிறுதியில் அயோவாவிடம் 71-69 என்று இரண்டே புள்ளியில் தோல்வி. அப்போதே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். இன்னும் ஓர் ஆண்டு கல்லூரியிலேயே இருந்து, 2025 ஏப்ரல் 6ஆம் தேதி இறுதியாட்டத்தில், நடப்பு வெற்றியாளரான சௌத் கரோலைனாவை 82-59 என்று அணியோடு சேர்ந்து வீழ்த்தினார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2016க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம் அது. அந்தத் தொடரின் கடைசிக் கட்டத்தில் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான அஸி ஃபட்டும் ஏசிஎல் அறுந்து, ஏறத்தாழ ஒரு பருவத்தை இழந்து திரும்பியவர்தான்.

இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். பிறகு நானும் தேடிப் படித்தேன், அதில் ஒரு செய்தி என் நினைவில் நின்றுவிட்டது. அதை அவளிடம் சொன்னேன். பெக்கர்ஸ் இல்லாத அந்த 2022-23 பருவத்தில் பந்தைக் கொண்டுசெல்லும் பொறுப்பு குரோவேஷியாவிலிருந்து வந்த நிக்கா மியூல் என்ற பெண்ணின் தலையில் விழுந்தது. சக வீராங்கனை புள்ளி எடுக்க வழிசெய்து கொடுக்கும் பாஸை அசிஸ்ட் என்பார்களே, அதில் ஒரே பருவத்துக்கான பல்கலைக்கழகச் சாதனையை மியூல் அந்த ஆண்டுதான் முறியடித்தார். பெக்கர்ஸ் திரும்பி வந்ததும் மியூலை ஓரம் கட்டவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நின்றார்கள். முந்தைய ஆண்டு அரையிறுதியை எட்டாத அணி அந்த ஆண்டு எட்டியது.

"அது யூகான் பெரியம்மா. அவங்களுக்கு எல்லாமே இருக்கு" என்றாள்.

அவள் சொல்வதும் சரிதான். அங்கே ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது நெடுநாள் வழக்கம். முழுப் பருவமும் காயத்தில் போனால் அது கணக்கில் சேராது. இங்கே பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பே மூன்று ஆண்டுதான். தொடக்கக் கல்லூரி என்றால் இரண்டு. ஒரு முழங்கால் ஒன்பது மாதத்தைச் சாப்பிட்டால், விளையாட்டு வாழ்வில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. யாரும் அதைத் திருப்பித் தருவதில்லை. இவளுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரே ஆண்டு.

"அனிதா பால்துரை தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. "தமிழ்ப் பொண்ணா?" என்றாள்.

சென்னைப் பெண். தென்னக ரயில்வேயில் வேலை. முதலில் கைப்பந்து ஆடியவர், பிறகு கூடைப்பந்துக்கு வந்தார். 2000ஆம் ஆண்டு முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார். 19 வயதில் அணித்தலைவி. ஒன்பது ஆசிய வெற்றியாளர் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண். கல்யாணம், குழந்தை என்றானதும் முடிந்தது என்றுதான் ஊர் நினைக்கும். அவர் தாயான பிறகு திரும்பி வந்தார். 2017ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியின் 'பி' பிரிவில் இந்தியா, கஸக்ஸ்தானை 75-73 என்று வென்று மேல்பிரிவுக்கு ஏறியது. அந்த அணியில் அனிதாவும் இருந்தார், 32 வயதில். 2021ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

அவள் உடனே கைப்பேசியில் தேடத் தொடங்கினாள். தோசை ஆறிவிட்டது. நம் வீடுகளில் இந்தப் பெயர் ஏன் ஒருமுறைகூட அடிபடவில்லை என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கிரிக்கெட் வீரர்களின் மனைவி பெயர்வரை தெரிந்து வைத்திருக்கிறோம்.

தங்கையின் பயத்தையும் சொல்லியாக வேண்டும், அது வெறும் பயமில்லை. இந்தத் தசைநார் காயம் குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்படுகிறது. 25 வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டு களத்துக்குத் திரும்புகிறவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மீண்டும் அறுகிறது, அதே காலிலோ மற்றக் காலிலோ. ஒன்பது மாதத்துக்கு முன் திரும்புகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே 'வலி இல்லை, நான் நல்லா இருக்கேன்' என்பது பதிலாகாது. ஒற்றைக் காலில் தாண்டும் சோதனை இருக்கிறது, தொடைத் தசையின் வலுவை அளக்கும் சோதனை இருக்கிறது. அறுவை செய்த கால், மற்றக் காலின் வலுவில் குறைந்தது 90 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இவளுக்குச் சென்ற மாதம் 84 வந்ததாம். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. 'ஓகேதான்' என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"84ன்னு சொன்னா அத்தோட நிறுத்திடுவாங்க."

"90 வந்தா?"

"அப்பவும் நிறுத்துவாங்க" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

சாப்பிட்டு முடித்து பஃபலோ சாலை வழியாக நடந்தோம். பூக்கடையில் அவள் அம்மாவுக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். அங்கே நின்றபோதுதான் எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது, இத்தனைக்கும் அதைக் கதை என்று யாரிடமும் சொன்னதில்லை. உயர்நிலைப் பள்ளியில் நான் வலைப்பந்து ஆடினேன். நான்காம் ஆண்டில் 'ஓ' நிலைத் தேர்வு என்று மூன்று மாதம் நிறுத்திக்கொண்டேன். மூன்று மாதம்தான் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். தேர்வு முடிந்தது. தொடக்கக் கல்லூரிக்குப் போனேன். அங்கேயும் வலைப்பந்து அணி இருந்தது. தேர்வாட்டத்துக்கான அறிவிப்பை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே கடந்துபோனேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அப்பா தடுக்கவில்லை, அம்மா திட்டவில்லை. 'ஏன் இப்ப ஆடறதில்ல?' என்று வீட்டில் ஒருவரும் கேட்கவுமில்லை, அவ்வளவுதான். நான் விட்டதையே யாரும் கவனிக்கவில்லை. காலணி மட்டும் கட்டிலுக்கு அடியில் வெகுநாள் கிடந்தது. பிறகு அம்மா அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்.

இதை அவளிடம் சொன்னேன். "நீங்க வலைப்பந்தா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லவில்லை.

அந்த முதலாண்டு மாணவி விஷயத்துக்கு வந்தேன். நீ போய் அவளிடம் பேசு என்றேன். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது பயிற்றுவிப்பாளர் வேலை, உன் வேலையில்லை. விட்டுக்கொடுக்கிறேன் என்று நீ ஒதுங்கினால், அந்தப் பெண் தன் திறமையால் இடம் பிடித்தாளா, உன் இரக்கத்தால் பிடித்தாளா என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும். ஏழாம் எண்ணை மட்டும் திருப்பிக் கேட்காதே.

"கேட்கல. பதினாலு இருக்கு. நீளம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

ஒரு நிபந்தனை போட்டேன். இன்று வீட்டுக்குப் போய் 84 என்ற எண்ணை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அடுத்த சோதனையில் 90க்குக் கீழே வந்தால் அந்த எண்ணையும் சொல்ல வேண்டும், அது வரும்வரை ஆட்டத்தில் இறங்கக்கூடாது. முகம் சுருங்கியது. ஃபேரர் பார்க் ரயில் நிலையம்வரை பேசவில்லை. பயணச்சீட்டு வாயிலைக் கடக்கும்போது திரும்பி, "சரி" என்றாள்.

திங்கட்கிழமை இரவு தங்கை அழைத்தாள். எடுத்ததுமே வசைதான். "உன்னை விடச் சொல்லச் சொன்னா, நீ என்னத்த சொல்லி அனுப்பினே? வந்து ஏதோ 84, 90ன்னு கணக்குப் பாடம் எடுக்கறா."

நான் பேசாமல் இருந்தேன். தங்கை திட்டி முடிக்கும்வரை குறுக்கே பேசக்கூடாது என்பது நாற்பது ஆண்டு அனுபவம்.

"யாரோ அனிதாவாம். குழந்தை பெத்தப்புறம் ஆடினாங்களாம். ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோவைக் கொண்டாந்து காட்டறா."

"நல்லா ஆடறாங்கல்ல?"

கொஞ்சம் மௌனம். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த புதன்கிழமை அந்தச் சோதனையாம். அரை நாள் லீவு போட்டிருக்கேன்" என்றாள். "சும்மா, பிசியோ என்ன சொல்றாருன்னு நேர்ல கேட்கத்தான்."