இருளும் ஒரு செல்வமே

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர் நம் முன்னோர். ஒளியின் அருமையோ இருளிலேதான் தெரியும். இவ்வுண்மையை மூலதனமாகக் கொண்டு ஒரு கலைஞர் படைத்த விந்தையைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே பாசோ ரோபிள்ஸ் என்றொரு நகரம் உண்டு. அதனைச் சூழ்ந்த குன்றுகளெங்கும் மதுரசத்துக்கெனப் பயிரிடப்படும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே 15 ஏக்கர் நிலத்தில், 2019ஆம் ஆண்டு மே மாதம், புரூஸ் மன்றோ என்னும் ஆங்கிலேயக் கலைஞரின் 'ஒளி வயல்' திறந்து வைக்கப்பட்டது. 58,800க்கு மேற்பட்ட தண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் உருண்டைக் குமிழ். கதிரவன் மறையும் வரை அங்கே பெரிதாகக் காண்பதற்கு ஒன்றுமில்லை. இருள் கவியக் கவியத்தான் குன்றுச் சரிவெல்லாம் வண்ண மலர்கள் மெல்ல மெல்ல அலர்வது போன்ற காட்சி தோன்றுகிறது. கட்டணம் செலுத்தி வந்த மக்கள் அவற்றினூடே மெதுவாக நடந்து செல்கின்றனர்.

இதன் நுட்பத்தை மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. குமிழுக்குள்ளே விளக்கு இல்லை. ஒளி பிறக்குமிடம் வேறு. மெல்லிய ஒளியிழைகளின் வழியே அது குமிழை வந்தடைகிறது. ஒரு குளத்து நீர் மதகால் வெளிப்பட்டு, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, பல வரவைகளுக்கும் பாய்வதில்லையா? அதுபோலத்தான். இதற்கு வேண்டிய மின்சாரமும் பகலிலே சூரிய ஒளியிலிருந்து சேமிக்கப்படுவதே.

மன்றோவுக்கு இக்கருத்து உதித்தது 1992இல், ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் உளுரு என்னும் செம்பாறையருகே தங்கியிருந்தபோது. வறண்டு கிடக்கும் மண்ணுக்குள் விதைகள் உறங்கி, மழை கண்டதும் பூத்துக் குலுங்குவதை எண்ணி, இருள் வந்ததும் பூக்கும் தோட்டமொன்றை அவர் கற்பனை செய்தார். 2016இல் அதே உளுருவிலும் 50,000 குமிழ்களுடன் ஓர் ஒளி வயல் அமைந்தது.

இனி நம் இறக்காமத்துக்கு வருவோம். மஃரிபு வேளை கழிந்த பின் குளக்கட்டில் நின்று வயல்வெளியை நோக்கினால், கட்டணமில்லாத ஒளி வயலொன்று அங்கேயும் உண்டு. மின்மினிகளைத்தான் சொல்கிறோம். அவற்றின் ஒளியில் சூடு இல்லை எனலாம், அது அலங்காரமுமன்று. பறந்து செல்லும் ஆண் தன் இனத்துக்குரிய முறையில் மின்னி அழைக்க, புல்லிலே இருக்கும் பெண் மின்னி விடையளிக்கிறது. அது அவற்றின் மொழி. அருகே பெருவிளக்கொன்று எரிந்தால் அழைப்பும் தெரியாது, விடையும் தெரியாது. இணை சேராத இனம் நாளடைவில் அருகிவிடும். வாழிடங்கள் அழிதல், பூச்சிகொல்லி, இரவு விளக்கு ஆகிய மூன்றுமே உலகெங்கும் மின்மினிகளுக்கு நேர்ந்துள்ள பெருங்கேடுகள் என்று அறிஞர் கூறுகின்றனர். பல இனங்களின் புழுக்கள் நத்தைகளைத் தின்று வளர்பவை என்பதையும் உழவர் மறத்தலாகாது.

விளக்கே வேண்டாமென்று நாம் கூறவில்லை. யானை வரும் வழியிலும், பாம்பு ஊரும் ஒழுங்கையிலும், பிள்ளைகள் படிக்கும் மேசையிலும் வெளிச்சம் வேண்டியதே. ஆனால் ஆளில்லாத முற்றத்தில் விடிய விடிய எரியும் விளக்கு யாருக்காக? வானத்தை நோக்கி வீசும் வெளிச்சத்தால் யாருக்குப் பயன்? விளக்குக்கு ஒரு மூடியிட்டு ஒளியை நிலத்தை நோக்கித் திருப்புவதும், வேலை முடிந்ததும் அணைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல.

மன்றோவின் வயலை வேண்டும்போது மீண்டும் நாட்டலாம். பணம் இருந்தால் போதும். அற்றுப்போன மின்மினியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே பெற்றோர்களே, நிலவில்லாத ஓரிரவில் உங்கள் பிள்ளைகளை வயலோரம் அழைத்துச் சென்று, கைவிளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்திருங்கள். கண் இருளுக்குப் பழகட்டும். எத்தனை மின்மினிகள் என்று பிள்ளைகளே எண்ணட்டும். எண்ணிப் பார்த்தவர்கள் அவற்றைக் காக்கவும் கற்றுக்கொள்வார்கள்.